எஸ்.பி.எம். பிள்ளைகளைச் சேர்க்க 3,000 வெள்ளிக்கு என்ன பொருள் வாங்கலாம்?

சிப்புட்வாசி · இரவு 9.12

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வயரிங், ஏர்கான், வெல்டிங் என்று மூன்று துறைகள். ஜே.பி.கே. (அரசின் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறது, எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை வரை படிக்கலாம். பட்டறை இருக்கிறது, பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள்தான் போதவில்லை.

இந்த வருடம் மூன்று இடங்களில் மேசை போடப் போகிறோம். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வரும் வாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி மண்டபம், ஒரு தோட்டத்துக் கோயில் தீமிதித் திருவிழா, அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை தாமான் (வீடமைப்புப் பகுதி) பொதுமண்டபம். பெயர் அடித்த பொருள் ஏதாவது வாங்கிக் கொடு என்று நிர்வாகம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறது.

போன வருடம் 500 பேனாவும் 500 துண்டறிக்கையும் கொடுத்தோம். பேனா ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு நிலையத்துக்கு வந்த அழைப்புகள் நான்கு. அதில் ஒன்று, பேனா இன்னும் இருக்கிறதா என்று கேட்டு.

தலைவர் பவர்பேங்க் என்கிறார். பொருளாளர் டீசட்டை என்கிறார். நான் தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

மிளகாய்ப்பொடி · இரவு 9.20

போத்தல் வேண்டாம் ப்ரோ. எங்கள் வீட்டு அலமாரியில் பதினொரு போத்தல் இருக்கிறது. வங்கி, காப்புறுதி, பல் டாக்டர், இரண்டு அரசியல் கட்சி. மூடி ஏழுதான். எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அச்சுக்கடை · இரவு 9.58

தம்பி, ஈப்போவில் பதினாறு வருடம் சில்க் ஸ்கிரீன் அடித்தவன் நான். இப்போது கடையை விட்டாகிவிட்டது, அதனால் உள்ளதைச் சொல்லலாம்.

பவர்பேங்க்கை மறந்துவிடு. நல்லதாக வாங்கினால் உன் 3,000 வெள்ளிக்கு நூறு கூட வராது. மலிவாக வாங்கினால், வெயிலில் நிற்கும் காடிக்குள் கிடந்து மூன்று மாதத்தில் வயிறு உப்பும். உப்பிய வயிற்றின் மேல் உங்கள் நிலையத்தின் பெயர் இருக்கும். அதுவும் வயரிங் சொல்லிக்கொடுக்கும் இடம்!

டீசட்டைக்கு வருவோம். சில்க் ஸ்கிரீனில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம், அதாவது வலை கட்டிய அச்சுச் சட்டகம், செய்ய வேண்டும். அந்தச் சட்டத்துக்கான கூலி 30 சட்டை அடித்தாலும் அதேதான், 300 அடித்தாலும் அதேதான். உங்கள் சின்னத்தில் நான்கு நிறம் இருந்தால் நான்கு சட்டம். 30 சட்டைக்கு நான்கு நிறம் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எங்கள் முதலாளி காப்பி வாங்கி வரச் சொல்வார், அவ்வளவு சந்தோஷம். குறைந்த எண்ணிக்கை என்றால் டி.டி.எஃப். கேளுங்கள். படலத்தில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது, எத்தனை நிறம் இருந்தாலும் கவலை இல்லை. சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றுவது) என்று யாராவது சொன்னால், அது பாலியெஸ்டர் துணியில், வெளிர் நிறத்தில்தான் பிடிக்கும். பருத்திச் சட்டையில் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதே.

ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். அச்சடித்த சட்டையை வாங்கியதும் எழுத்தின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார். காய்ந்த வயல் மாதிரி வெடித்தால் மை வேகவில்லை என்று அர்த்தம். பிளாஸ்டிசால் மைக்குச் சுமார் 160 டிகிரி சூடு வேண்டும். அவசர வேலையில் இயந்திரத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள், மூன்றாவது சலவையில் உரிந்துவிடும்.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். பள்ளிப் பிள்ளைகள்தானே என்று எஸ், எக்ஸ்எஸ் நிறைய எடுப்பார்கள். எல்லும் எக்ஸெல்லும்தான் முதலில் போகும். எக்ஸ்எஸ் உங்கள் கிடங்கில் பேரன் காலம் வரை இருக்கும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது கேள்வி. எத்தனை பேருக்குக் கொடுக்கப் போகிறாய்? 500 பேர் என்றால் தலைக்கு 6 வெள்ளி. 6 வெள்ளிக்கு நல்ல சட்டை கிடையாது. முதலில் அதைச் சொல்.

ஓய்வு_கிராணி · காலை 6.05

பஹாவ் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். இந்த உரையாடலைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தம்பி இருக்கும் சுங்கை சிப்புட்தான் அவருக்கும் ஊர். தோட்டத் துண்டாடலில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற காலம். வேலையும் போய் வீடும் போகும் நிலை. தோட்டத்தை நாமே வாங்கிவிடலாம் என்று லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) லயமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். என் அம்மாவுக்கு யாரும் பையும் கொடுக்கவில்லை, தொப்பியும் கொடுக்கவில்லை. அம்மாவிடமிருந்து அவர்கள்தான் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு போனார்கள். பால்மரம் சீவிச் சம்பாதித்த பத்து வெள்ளி! கையில் கொடுத்தது ஒரு ரசீது. அதை அம்மா சாகும் வரை டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

பொருள் கொடுத்தால் ஆள் வரும் என்பது வியாபாரிகள் கிளப்பிவிட்ட பேச்சு. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குட் மார்னிங் துண்டு கொடுங்கள். வெள்ளைத் துண்டு, சிவப்பு எழுத்து. பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) வருகிற அத்தனை பேர் கழுத்திலும் அதுதான் கிடக்கும். பத்து வருடம் உழைக்கும், கடைசியில் மோட்டார் துடைக்கவும் ஆகும்.

இன்னொன்று. தோட்டத்துக் கோயிலில் மேசை போடுவது சரி. ஆனால் லயத்தில் போய்த் தேடாதீர்கள். இப்போது லயத்தில் இருப்பது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும்தான் அதிகம். நம் பிள்ளைகள் தாமானில் இருக்கிறார்கள்.

மிளகாய்ப்பொடி · காலை 8.31

ஐயா, இன்றைக்கு யாராவது வீடு வீடாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவார்.

செம்பனைப்_பேத்தி · மாலை 4.47

மிளகாய்ப்பொடி வேடிக்கையாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசகர் ஆசிரியை. எல்பில், ஹீவூட், டோவன்பி தோட்டங்களின் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் தினமும் பார்க்கிறேன்.

கம்போடியாவிலும் மியன்மாரிலும் வேலை, நல்ல சம்பளம் என்று கூட்டிப்போய் அடைத்து வைத்த செய்திகள் 2022இலிருந்து வந்துகொண்டே இருந்தன. அதன் பிறகு பெற்றோர் ரொம்பவும் உஷார். ஒரு மேசை, நான்கு பளபளப்பான பொருள், சிரித்த முகத்தோடு ஒரு பையன், "பேர், ஐ.சி. நம்பர், போன் நம்பர் எழுதுங்க அக்கா, பை தர்றோம்." இதைப் பார்த்ததும் அவர்களுக்குப் படிப்பு ஞாபகம் வருவதில்லை. ஒன்று நேரடி விற்பனை, இல்லையென்றால் ஏமாற்று வேலை. பொருள் விலை உயர்ந்ததாக இருந்தால் சந்தேகமும் உயர்கிறது. தம்பி, தலைவரிடம் இதைச் சொல்லுங்கள், பவர்பேங்க் பேச்சு நின்றுவிடும்.

அதனால் எந்தப் பொருள் என்பதை விட, அதன் மேல் என்ன எழுதுகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். "உன் எதிர்காலம் உன் கையில்" மாதிரி வாசகம் எதுவும் வேண்டாம். நிலையத்தின் பெயர், ஜே.பி.கே. அங்கீகார எண், எந்தக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற அடையாளம், மனிதக் குரல் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி எண். இடம் மிச்சமிருந்தால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில்: "பி.டி.பி.கே. கடன் வசதி உண்டு." திறன் பயிற்சிக்குக் கடன் தரும் அரசுக் கழகம் இருப்பதே பல வீடுகளில் தெரியாது. பிள்ளை மூன்றாம் நிலை முடித்தால் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் எடுக்கலாம் என்று சொல்லும்போதுதான் அப்பாக்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள்.

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பதினேழு வயதுப் பையனுக்குக் கொடுத்த பொருள் அவன் மோட்டார் சீட்டுக்கு அடியில் போய்விடும். முடிவெடுப்பது அம்மா, சில வீடுகளில் பாட்டி. அவர்கள் கண்ணில் தினமும் படுகிற பொருள் எது என்று பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அது நாட்காட்டிதான். மளிகைக்கடை கொடுத்தது, நகைக்கடை கொடுத்தது, எப்படியும் சுவரில் இரண்டு தொங்கும். பள்ளி விடுமுறை, ராகு காலம், அமாவாசை எல்லாம் அதைப் பார்த்துத்தான். கேஸ் தீர்ந்தால் கூப்பிட வேண்டிய எண்ணையும் அதன் ஓரத்தில்தான் எழுதி வைப்பார்கள்.

சிப்புட்வாசி · மாலை 6.15

டீச்சர், நாட்காட்டி யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் எஸ்.பி.எம். முடிவு வருவது வருட நடுவில். 2024இல் மே 27, 2025இல் ஏப்ரல் 24. அந்த நேரத்தில் யார் நாட்காட்டி மாட்டுவார்கள்? சுவரில் ஏற்கெனவே இரண்டு தொங்குமே.

செம்பனைப்_பேத்தி · மாலை 6.22

சித்திரை முதல் தேதி எப்போது?

சிப்புட்வாசி · மாலை 6.24

ஏப்ரல் 14... அட!

செம்பனைப்_பேத்தி · மாலை 6.30

சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடியும் நாட்காட்டி போடுங்கள். ஜனவரியில் கொடுத்தால் இருபதோடு இருபத்தொன்று. ஏப்ரலில் கொடுத்தால் அது ஒன்றுதான். அடித்த பொருளில் நிகழ்ச்சித் தேதியை மட்டும் போட்டுவிடாதீர்கள், முடிவு வரும் நாள் எப்படி மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஓய்வு_கிராணி · இரவு 8.02

நாட்காட்டி போடுவதாக இருந்தால் பஞ்சாங்கத்தைத் தமிழ்நாட்டு நாட்காட்டியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். அவர்கள் மணிக்கும் நம் மணிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். திதி அங்கே காலை 7 மணிக்கு முடிந்தால் இங்கே 9.30. கடிகாரம்தான் வேறு, கணம் ஒன்றுதான்.

ராகு காலம் வேறு கதை. அது சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பிரித்துக் கணக்கிடுவது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்பது 6 மணிக்கு உதயம் ஆகும் ஊருக்கு. நமக்கு உதயம் பெரும்பாலும் 7 மணிக்கு மேல். 7.10க்கு உதயம் என்று வைத்தால் திங்கட்கிழமை ராகு காலம் ஏறக்குறைய 8.40இல் தொடங்கும். 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து பெரட்டு இன்னும் இருட்டிலே நடந்தது. தண்டல் (மேற்பார்வையாளர்) டார்ச் அடித்துப் பேர் கூப்பிட்டார். ராகு பகவானிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பல நாட்காட்டிகளில் இன்றும் 7.30தான்.

மிளகாய்ப்பொடி · இரவு 8.09

பொருள் வாங்கக் கேட்டால் ராகு காலத்துக்கு வந்துவிட்டோம். தொடருங்கள் ஐயா, நான் எங்கும் போகவில்லை.

பட்டர்வொர்த்_மனிதவளம் · இரவு 10.40

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் காசுக்குக் குறைவில்லை, அதனால் எல்லாத் தவறையும் செய்து பார்த்துவிட்டோம். அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன், யு.எஸ்.பி. விரலி: இப்போது அதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை, வேறொருவர் கொடுத்ததைக் கணினியில் செருகவும் பயப்படுகிறார்கள்.

எங்களுக்கு நன்றாக வேலை செய்தது பைதான். இங்கே கடைகளில் 2011இலிருந்து பிளாஸ்டிக் பை இலவசம் கிடையாது, அதனால் எந்தப் பை கொடுத்தாலும் மடித்துக் காடியில் வைத்துக்கொள்வார்கள். பசுமை என்று சொல்லிப் பருத்திப் பைக்கு மாறினோம். 2018இல் டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கையைப் பார்த்த பிறகு அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது. எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு சாதாரணக் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். தினமும் ஒரு தடவை என்றால் பத்தொன்பது வருடம் ஆகிறது. பருத்தியோ வேறோ, கேள்வி ஒன்றுதான்: இதை இவர் திரும்பத் திரும்ப எடுப்பாரா?

தோட்டத்துக் கோயிலுக்குக் கயிறு இழுத்து மூடும் பை நல்ல யோசனை. செருப்பைக் கழற்றி எங்கே விடுவது என்பது திருவிழாவில் எல்லோருக்கும் உள்ள கவலை. செருப்பைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு போய்விடலாம்.

செம்பனைப்_பேத்தி · இரவு 10.58

செருப்புப் பையில் நிலையத்தின் பெயர் தமிழில் இருந்தால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எழுத்தின் மேல் செருப்பு படக்கூடாது என்பது எங்கள் பாட்டி சட்டம். கோயிலுக்கு விசிறி கொடுங்கள். தீமிதிக்கு மூன்று மணி வெயிலில் காத்திருக்கும் பெண்களிடம் விசிறியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் முருகன் படம், அம்மன் படம் போடவே போடாதீர்கள். அதைத் தூக்கி எறியவும் முடியாது, மிதிக்கவும் முடியாது. திருவிழா முடிந்து கூட்டுபவர் என்ன செய்வார்?

வெல்டிங்_தங்கச்சி · இரவு 11.36

எல்லா அண்ணன், அக்காவுக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் இப்போது வெல்டிங் மூன்றாம் நிலை படிக்கிறேன். என்னைச் சேர்த்தது ஒரு பிளக்.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பயிற்சி நிலையம் மேசை போட்டிருந்தது. பையும் இல்லை, பேனாவும் இல்லை. மேசையில் பத்துப் பதினைந்து 13 ஆம்பியர் பிளக், வயர் துண்டு, திருப்புளி. ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். "மாட்டிப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். பழுப்பு நிறம் லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் எர்த்துக்கு. வயரின் மேலுறையையும் சேர்த்துப் பிடிப்பான் இறுக்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. அவர் இழுத்துப் பார்த்தார், மீட்டர் வைத்துச் சோதித்தார், "சரி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ" என்றார். அதில் ஒரு சின்ன ஸ்டிக்கர், நிலையத்தின் பெயரும் எண்ணும்.

கொஞ்ச நாள் கழித்து அம்மாவின் இஸ்திரிப் பெட்டி பிளக் உடைந்துவிட்டது. அப்பா இன்னொன்று வாங்கலாம் என்றார். நான் அந்தப் பிளக்கைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். அது இன்னும் ஓடுகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா காட்டுவார், "என் பொண்ணு போட்டது." படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அதுவும் வெல்டிங் என்று சொன்னபோது, வீட்டில் எதிர்ப்பு இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட மாமாவுக்கு அம்மாதான் பதில் சொன்னார். ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம்.

அச்சுக்கடை · நள்ளிரவு 12.04

தங்கச்சி, பதினாறு வருடம் நான் அடித்த சாமான் எல்லாம் ஒரு பக்கம், அந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம்.

பட்டர்வொர்த்_மனிதவளம் · காலை 7.50

கதை அருமை, ஆனால் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பழக்கமில்லாத பிள்ளை மாட்டிய பிளக்கை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறீர்கள். திருகாணி தளர்ந்தால் சூடாகும், கருகும். பெயர் உங்களுடையது. இன்னொன்று, இப்போது வரும் சாமான்களில் பிளக் வயரோடு சேர்த்து வார்த்தே வருகிறது. எத்தனை வீட்டில் தனிப் பிளக் தேவைப்படும்?

வெல்டிங்_தங்கச்சி · காலை 8.20

அண்ணன் சொல்வது சரிதான். எங்கள் வாத்தியார் தேறாததைக் கொடுக்கவே மாட்டார். என் தோழி மூன்று தடவை மாட்டினாள், மூன்று தடவையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவளுக்கு அதில் கோபம் வந்து நாலாவது தடவை சரியாகப் போட்டாள்.

ஓய்வு_கிராணி · காலை 8.45

அந்த நாலாவது தடவைக்குத்தான் அந்த வாத்தியாருக்குச் சம்பளம். தம்பி, பிளக்கில் சிரிம் (தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பசார் மாலாம் சரக்கு வேண்டாம். கோயிலில் செய்யாதீர்கள், கூட்டம் தாங்காது. பள்ளியிலும் மண்டபத்திலும் செய்யுங்கள்.

சிப்புட்வாசி · இரவு 9.05

நிர்வாகக் கூட்டம் முடிந்தது. டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன், பவர்பேங்க் போய்விட்டது. கணக்கு இப்படி: விசிறி 600, ஒன்று 1.20 வெள்ளி. சித்திரை நாட்காட்டி 300, ஒன்று 3 வெள்ளி, உட்கார்ந்து பேசும் அம்மா அப்பாவுக்கு மட்டும். பிளக் 80, ஒன்று 4 வெள்ளி. பொருளாளர் முகம் வாடக் கூடாது என்று டீசட்டை 30, ஒன்று 15 வெள்ளி, பதிவு செய்து முதல் நாள் பட்டறைக்கு வந்தால் மட்டும். மொத்தம் 2,390. வயர், திருப்புளிக்கு 190, ஒரு பன்டிங் (விளம்பரத் தொங்கல்) 90. மிச்சம் 330 வெள்ளியைத் தலைவர் தேநீருக்கு என்கிறார்.

அச்சுக்கடை · இரவு 9.31

மிச்சத்தைத் தொடாதே, அச்சில் ஏதாவது ஒன்று நிச்சயம் தவறும். அதற்கு வைத்துக்கொள். பன்டிங்கைத் தெரு ஓரத்தில் கட்டுவதாக இருந்தால் நகராண்மைக் கழக அனுமதி கேட்டுவிடு.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். கடையில் கோப்பைத் திறக்கும் பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் மென்பொருளில் உன் எழுத்துரு இருக்காது. 'தொழில்' என்று நீ அனுப்புவாய். கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'பயிற்சி'யில் புள்ளி அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறும். அவனுக்கு எல்லாம் ஒரே சுருள்தான், அடித்துவிடுவான். இப்படி 300 பை அடித்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1985இலேயே முரசு அஞ்சலை நம் முத்து நெடுமாறன் செய்தார், ஆப்பிள் கணினிக்குள் இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததுதான். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு நாம் இன்னும் 'தாெழில்' அடித்துக்கொண்டிருக்கிறோம். எழுத்தை எல்லாம் கர்வ் ஆக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி, பி.டி.எஃப். ஆக அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும். முதல் பிரதி ஒன்றைக் கையில் வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்தவரை விட்டுச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல். நீ வாசிக்காதே. எழுதியவன் கண்ணுக்குத் தவறு தெரியாது.

சீனாவிலிருந்து நேரடியாக எடுத்தால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். சீனப் பெருநாள் ஒட்டித் தொழிற்சாலைகள் இரண்டு வாரம், சில இடத்தில் அதற்கும் மேல் மூடியிருக்கும். உனக்கு ஏப்ரலில் பொருள் வேண்டும், விஷப்பரீட்சை வேண்டாம்.

சிப்புட்வாசி · இரவு 11.18

மூன்று நிகழ்ச்சியும் முடிந்துவிட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு. எழுத்து எல்லாம் சரி, கொம்பு கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டீச்சரே வந்து சத்தமாக வாசித்தார். தமிழை மட்டும் வாசித்தார், எண்ணை யாரும் வாசிக்கவில்லை. 600 விசிறியிலும் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டது நான், கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அச்சுக்கடை அண்ணன் தொடாதே என்ற 330இல்தான் ஸ்டிக்கர் அடித்தோம். தீமிதிக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை, தலைவர் உட்பட ஐந்து பேர் உட்கார்ந்து ஒட்டினோம். தேநீரைத் தலைவரே சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தார்.

கோயிலில் விசிறி பறந்துவிட்டது. ஆனால் அங்கே யாரும் படிப்பைப் பற்றிப் பேசவில்லை, பேசுவார்கள் என்று எதிர்பார்த்ததும் தப்பு. பூக்குழி எரியும்போது எஸ்.கே.எம். மூன்றாம் நிலையைப் பற்றி யார் கேட்பார்? மறுநாள் காலை கூட்டப் போனவர்களிடம் கேட்டேன், கீழே கிடந்த விசிறி பத்துக்கும் குறைவு என்றார்கள். மற்றதெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கிறது.

பள்ளி மண்டபத்தில் பிளக் மேசைக்கு வரிசை. பையன்கள் ஒருவனை ஒருவன் கேலி செய்துகொண்டே மாட்டினார்கள். பயிற்றுநர் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். தேறியவன் மற்றவனுக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டான், எங்களுக்கு வேலை குறைந்தது. பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அம்மா சும்மா நிற்கிறார் பாருங்கள், அந்தப் பத்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம். பி.டி.பி.கே. பற்றிக் கேட்டார்கள், விடுதி உண்டா என்று கேட்டார்கள். ஓர் அம்மா நாட்காட்டியை வாங்கியதும் முதலில் திங்கட்கிழமை ராகு காலத்தைத்தான் பார்த்தார். 8.40 என்று இருந்ததைப் பார்த்து, "இது தப்பாப் போட்டிருக்கீங்க தம்பி" என்றார். கிராணி ஐயா எழுதியதை அப்படியே விளக்கினேன். அவர் நம்பவில்லை, ஆனால் விளக்கி முடிக்கும் வரை நின்று கேட்டார். போகும்போது மகனுக்கு ஏர்கான் வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டு, அந்த நாட்காட்டியிலேயே தேதியைக் குறித்துக்கொண்டு போனார்.

இது வரை 23 பேர் பதிவு செய்து முதல் நாள் வந்திருக்கிறார்கள். போன வருடம் இதே நேரத்தில் ஒன்பது.

ஓய்வு_கிராணி · காலை 6.10

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், தப்பு இல்லை.

வெல்டிங்_தங்கச்சி · காலை 7.02

அண்ணே, 23 பேரில் பெண்கள் எத்தனை?

சிப்புட்வாசி · காலை 7.15

நான்கு பேர் தங்கச்சி. இரண்டு பேர் வயரிங், இரண்டு பேர் வெல்டிங்.

அப்புறம், டீசட்டையில் ஏழு மிச்சம். ஏழும் எக்ஸ்எஸ். பொருளாளர் அளவு எழுதியபோது நான் பக்கத்தில் இல்லை. யாருக்காவது வேண்டுமா?

மிளகாய்ப்பொடி · காலை 7.16

அச்சுக்கடை அண்ணனின் பேரனுக்கு எடுத்து வையுங்கள்.